காந்த விசையும் திருப்பு விசையும்

காந்தம் இரும்பை இழுக்கும் என்பது பழங்காலத்திலேயே தெரிந்திருந்தது. இழுப்பதும் திருப்புவதும் வேறு வேறு என்பதைச் செய்து காட்டியவர் லண்டனில் திசைகாட்டி செய்துவந்த ராபர்ட் நார்மன். பல ஆண்டுகள் கடலோடியாக இருந்தவர் அவர். 1581இல் வெளிவந்த அவரது நூல் அந்தச் சோதனையை விவரிக்கிறது. எஃகு ஊசியை ஒரு தக்கையில் செருகி, நீரில் மிதக்காமலும் மூழ்காமலும் நடுவே நிற்கும்வரை தக்கையைச் சிறிது சிறிதாகச் செதுக்கினார். பின்பு ஊசியைக் காந்தமாக்கி மீண்டும் நீரில் விட்டார். வடமுனை கீழ்நோக்கிச் சாய்ந்தது. ஆனால் ஊசி நின்ற இடத்தைவிட்டு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

காரணம் எளியது. ஊசியின் நீளத்துக்குள் புவியின் காந்தப்புலம் மாறுவதில்லை. ஆகவே இரு முனைகளிலும் சமமான, எதிரெதிர் விசைகள் செயல்படுகின்றன. அவற்றின் கூடுதல் சுழி; திருப்பு விசை மட்டும் எஞ்சுகிறது.

1785இல் கூலும் முறுக்குத் தராசால் முனைகளுக்கிடையிலான விசையை அளந்தார். 1820இல் கோபன்ஹேகனில் ஆர்ஸ்டெட், மின்னோட்டமும் ஊசியைத் திருப்பும் எனக் கண்டார். அதே ஆண்டு பாரிசில் ஆம்பியர், ஒரே திசையில் மின்னோட்டம் பாயும் இணைக்கம்பிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதைக் காட்டினார். மின்னோட்டம் பாயும் கம்பிச்சுருளும் காந்த ஊசியைப் போலவே திரும்பும்.

இதைக் கருவியாக்கியது 1882இல் தெப்ரே, தார்சொன்வால் இருவரும் உருவாக்கிய இயங்குசுருள் கால்வனோமீட்டர். 100 சுற்றும் 4 சதுர செ.மீ. பரப்பும் உள்ள சுருள் 0.2 டெஸ்லா புலத்தில் இருக்க, அதில் 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால், பெருமத் திருப்பு விசை ஒரு நியூட்டன் மீட்டரில் பத்து லட்சத்தில் 8 பங்குதான். இவ்வகைக் கருவிகளில் காந்த முனைகளை வளைவாகக் குடைந்து, நடுவே தேனிரும்பு உருளையை வைத்தால் புலம் ஆரவாக்கில் அமையும். சுருள் எந்தக் கோணத்தில் நின்றாலும் திருப்பு விசை குறையாது. முள்ளின் விலக்கம் மின்னோட்டத்துக்கு நேர்விகிதமாக இருக்கும்.

புலம் இடத்துக்கு இடம் மாறினால் இழுப்பும் சேரும். 1922இல் பிராங்க்பர்ட்டில் ஸ்டெர்னும் கெர்லாக்கும் ஒரு முனையைக் கூர்விளிம்பாக்கி அத்தகைய புலத்தை அமைத்து, வெள்ளி அணுக்கற்றையை அதன் வழியே செலுத்தினர். கற்றை இரண்டாகப் பிரிந்தது. 1925இல் உலன்பெக்கும் கவுட்ஸ்மிட்டும் எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டு என முன்மொழிந்த பின்னரே அதன் காரணம் விளங்கியது.