தஞ்சைக் கல்வெட்டுச் சுருளும் ‘காலனிய மறதி’யும்: லின்னேயஸ் டிரைப் பற்றிய ஒரு வாசிப்புக்கு மறுப்பு

தமிழகத்தின் முதல் பெரும் ஆவணப் புகைப்படத் தொகுப்பு லின்னேயஸ் டிரைப் 1858இல் எடுத்தது. அதைப் பற்றிப் பேசும் எவரும் நிக்கோலஸ் டிர்க்ஸின் கட்டுரையைக் கடந்தே வரவேண்டியிருக்கிறது. மரியா அந்தொனெல்லா பெலிஸாரி பதிப்பித்து 2003இல் வந்த தொகுப்பில் உள்ள அக்கட்டுரை, டிரைப்பின் படங்களைக் ‘காலனிய மறதி’ என்னும் சட்டகத்துக்குள் வைக்கிறது. பழைய அரசாட்சியின் அரண்மனைகளும் கோட்டைகளும் இப்படங்களில் ஆளற்ற இடிபாடுகளாக நிற்கின்றன. அவற்றின் அரசியல் உயிர் போய், பழமையும் அழகும் மட்டும் எஞ்சுகின்றன என்பது அதன் சாரம். கவர்ச்சியான வாதம். அதனாலேயே பலர் சோதிக்காமல் எடுத்தாளுகிறார்கள்.

மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனைப் படங்களுக்கு இது பொருந்தும் என்பதை ஏற்கிறேன். சிக்கல் வேறிடத்தில். டிர்க்ஸ் பேசும் ‘பழைய அரசாட்சி’ கல்லால் கட்டப்பட்ட அரசாட்சி. திருமயம் கோட்டையை டிரைப் படமெடுக்க முடிந்ததற்குக் காரணம் அது நின்றுகொண்டிருந்தது என்பதே. அது நின்றதற்குக் காரணம் புதுக்கோட்டைத் தொண்டைமான் கும்பினியின் நண்பர் என்பது. அந்தச் சமஸ்தானத்தின் வரலாற்றை 1987இல் நூலாக எழுதியவரே டிர்க்ஸ்தான். நின்ற கோட்டைக்கும் இடிக்கப்பட்ட கோட்டைக்கும் உள்ள இந்த வேறுபாட்டுக்கு அவர் உரிய எடை தரவில்லை என்பது வியப்பு.

வாசுதேவநல்லூரை எடுத்துக்கொள்வோம். பாளையக்காரர் பூலித்தேவரின் இந்த மண்கோட்டை 1759 டிசம்பரில் யூசுப்கானின் முற்றுகையைத் தாங்கி நின்றது. 1761இல் நெற்கட்டுஞ்செவலோடு சேர்ந்து விழுந்தது. 1767இல் கர்னல் டொனால்டு காம்பெல் மறுபடியும் அதைத் தாக்க வேண்டியிருந்தது. 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கையோடு, பாளையக்காரர்களின் கோட்டைகளை இடித்துத் தரைமட்டமாக்க உத்தரவு பிறந்தது. மண்கோட்டை இடிந்தால் இடிபாடுகூட மிஞ்சாது. இரண்டு மூன்று ஐப்பசி மழையில் வயலோடு வயலாகிவிடும். டிரைப் மதுரைக்கு வந்தபோது இந்த வேலை முடிந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அவர் வெளியிட்ட தொகுதிகளில் மதுரைக்குத் தெற்கே திருநெல்வேலிச் சீமை இல்லை. போயிருந்தாலும் காமிராவுக்கு முன்னால் நிறுத்த என்ன இருந்திருக்கும்? மறக்கடிக்கும் வேலையை வெடிமருந்தும் மண்வெட்டியும் செய்து முடித்தன. அந்தப் பழியைக் காமிராவின் தலையில் கட்டுவது காலக்கணக்கில் பிழை.

இனி டிர்க்ஸின் சட்டகத்துக்குள் அடங்கவே அடங்காத ஒரு படத்துக்கு வருகிறேன். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியோடும் கல்வெட்டுகளை டிரைப் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே சுருளாக்கினார். நீளம் ஏறக்குறைய 6 மீட்டர். மெழுகிட்ட காகித நெகட்டிவ். ஒவ்வொரு துண்டுக்கும் காமிராவைச் சுவருக்கு இணையாக நகர்த்தி, தூரமும் உயரமும் மாறாமல், ஒன்றின் ஓரம் அடுத்ததன் ஓரத்தோடு சேரும்படி வைக்க வேண்டும். தம் மற்ற படங்களில் வெளிறிய வானத்துக்கு நெகட்டிவ் மீதே மேகம் தீட்டிய மனிதர் இவர். இந்தச் சுருளில் வானமே இல்லை. எழுத்தும் கல்லும்தான். அழகைத் தேடியவர் இதை ஏன் எடுக்க வேண்டும்? விமானத்தைத் தூரத்திலிருந்தும், நந்தி மண்டபத்தைத் தனியாகவும் அவர் அழகாகவே எடுத்திருக்கிறார், அத்தோடு நின்றிருக்கலாம்.

இராஜராஜன் தன் 26ஆம் ஆட்சியாண்டில், தான் கொடுத்ததையும் தமக்கை கொடுத்ததையும் மனைவியரும் பிறரும் கொடுத்ததையும் கல்லில் வெட்டும்படி ஆணையிட்டதைச் சொல்லும் சாசனங்கள் இந்தக் கோயிலுடையவை. 1858இல் அவை முறையாகப் படிக்கப்படவில்லை. கோயிலைக் கட்டியவர் யார் என்பதே கல்வெட்டாய்வாளர் ஹூல்ட்ஷ் 1890களில் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அவற்றைப் பதிப்பித்த பிறகுதான் ஐயமின்றி நிலைபெற்றது. ஹூல்ட்ஷின் பாடம் டிரைப்பின் சுருளிலிருந்து வந்தது என்று நான் வாதிடவில்லை. கல்வெட்டாய்வாளர்கள் கல்லிலிருந்தே மைப்படி எடுத்தார்கள். என் வாதம் நோக்கத்தைப் பற்றியது. படிக்கத் தெரியாத எழுத்தை, பிறகு எவராவது படிக்கட்டும் என்று வரிசை குலையாமல் படியெடுப்பது மறதியின் செயல் அல்ல. படிக்காமல் எடுத்ததும் ஒருவகை மறதியே என்று டிர்க்ஸ் தரப்பு சொல்லக்கூடும். அப்படியானால் மைப்படி எடுக்கும் உதவியாளர் ஒவ்வொருவரும் மறதியின் கருவி என்றாகும். இந்த நோக்கத்துக்கு டிரைப்பின் கையெழுத்தில் நேர்ச்சான்று எதையும் நான் காட்டவில்லை. சுருளின் அமைப்பே என் சான்று. அது மெலிந்த சான்றுதான், ஆனால் எதிர்த்தரப்புச் சான்று அதைவிட மெலிந்தது.

சுருளின் காலத்தை மார்ச்–ஏப்ரல் 1858 என்பதற்கு மேல் குறுக்க இயலவில்லை. ஏப்ரலின் பிற்பகுதி என்றால், பயணத்தின் முடிவில், மற்ற காட்சிகளை எடுத்து முடித்தபின் இதற்கென ஒதுக்கிய உழைப்பு என்றாகும். என் வாதம் வலுப்பெறும். மார்ச் என்றால் அந்த வலு இல்லை. எனக்குச் சாதகமான மாதத்தைத் தேர்ந்துகொள்ள மனமில்லை. எந்த மாதமானாலும், இந்த உழைப்பு தொடரவில்லை: 1859இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் இந்தப் புகைப்பட வேலையை ஆடம்பரச் செலவு என்று நிறுத்திவிட்டார்.

‘மறதி’ என்ற சொல்லை முற்றிலும் கைவிடத் தேவையில்லை. இடம் மாற்றி வைக்கலாம். தாது வருடப் பஞ்சத்தில், 1876–78இல், வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்த படங்களைப் பாருங்கள். எலும்பும் தோலுமான மனிதர்களை வரிசையாக உட்கார வைத்து எடுத்தவை. ஒரு படத்தின் தலைப்பு அவர்களை இலவச நிவாரணத்துக்குத் தகுதியான பேர்வழிகள் என்கிறது. தலைப்பில் பெயர் இல்லை, ஊர் இல்லை. நிவாரண அலுவலகத்தின் வகைப்பாடு மட்டும் இருக்கிறது. அதே தஞ்சைக் கோயிலின் திருச்சுற்றில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும் முன்பிருந்த ஊரும் குடியிருந்த வீட்டு வரிசையும் வெட்டப்பட்டிருக்கின்றன என்பதை நினைத்தால், எது மறதி என்பது விளங்கும்.

அந்த வகைப்பாட்டிலிருந்து விலகும் போக்கு இன்று கண்கூடு. ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் (2017) ஒளிப்பதிவாளர் மதுரை எம். பழனிக்குமார், பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய பாரி இணைய இதழுக்காகப் கடற்பாசி எடுக்கும் பெண்களையும் மதுரையில் மீன் விற்ற தன் தாயையும் பெயரோடு பதிவு செய்தார். 2022இல் தயனிதா சிங் பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. ஆனால் ஹூப்பரிலிருந்து பழனிக்குமாருக்கு ஒரே நேர்கோடு இழுக்க நான் தயாரில்லை. படக்குறிப்பில் உழைப்பவரின் பெயர் எழுதும் வழக்கம் தமிழ்ப் பத்திரிகைகளில் எப்போது வேர்விட்டது என்பதை ஓர் ஆண்டோடு கட்ட முடியாது; நாளிதழ்களின் பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்தால்தான் அது தெரியும்.