நாலு என்ற எண் எங்கிருந்து வந்தது?

போன எபிசோடில் நரம்பின் மின்துடிப்பு எப்படித் தொடங்குகிறது என்று பார்த்தோம். சோடியம் உள்ளே பாய்கிறது, துடிப்பு ஏறுகிறது. சரி, ஏறினது இறங்கணுமே? சோடியம் வழி தானாக அடைபடுவது ஒரு பாதி. மறுபாதி, பொட்டாசியம் வெளியே போவது. அதற்கு வழிவிடும் சேனல்தான் இன்றைய கதை. அதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஓர் எண்: நாலு.

1939 ஆகஸ்ட், இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வுக்கூடம். ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ஊசிக் கணவாயின் ராட்சத நரம்பு இழைக்குள் மெல்லிய மின்முனையை நுழைத்தார்கள். அந்த இழை அரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், வெறும் கண்ணுக்கே தெரியும். துடிப்பை உள்ளிருந்தே அளந்தாச்சு. ஆனா செப்டம்பரில் போர் வந்துவிட்டது. ஒருவர் ரேடார் வேலைக்கும் மற்றவர் பீரங்கி தொடர்பான ஆய்வுக்கும் போய்விட்டார்கள்.

போர் முடிந்து, 1949-ல் புது முறையோடு முழு மூச்சாக இறங்கினார்கள். நரம்புச் சவ்வின் மின்னழுத்தத்தை ஒரே அளவில் பிடித்து வைத்து, எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்று பார்ப்பது. அழுத்தத்தை மாற்றியதும் பொட்டாசியம் உடனே பாயவில்லை. சற்றுத் தயங்கி, பிறகு வேகமெடுத்தது. பழைய அழுத்தத்துக்குத் திருப்பினால், குறைவதில் அந்தத் தயக்கமே இல்லை.

ஏன் இப்படி? ஒரு கதவுக்கு நாலு தாழ்ப்பாள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். திறக்க நாலும் விலகணும், அதனால் தாமதம். மூட ஒன்று விழுந்தாலே போதும். ஒவ்வொரு தாழ்ப்பாளும் விலகியிருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால், கதவு திறந்திருக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. 1952-ல் வெளிவந்த அவர்கள் சமன்பாட்டில் இதுதான் நாலாம் படியாக நிற்கிறது.

ஏன் சரியாக நாலு? இங்கேதான் சுவாரசியம். ஐந்தாம், ஆறாம் படி போட்டால் இன்னும் நன்றாகப் பொருந்தும், ஆனால் அந்தக் கூடுதல் சிக்கலுக்கு அது தகாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் கணினி அப்போது வேலையில் இல்லை. ஹக்ஸ்லி கையால் சுற்றும் பிரன்ஸ்விகா கணக்கு எந்திரத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்து போட்ட கணக்கு அது! சமன்பாடு பொருந்துவதால் மட்டும் உள்ளே நடப்பது இதுதான் என்று ஆகிவிடாது என்றும் எச்சரித்தார்கள். சேனல் என்ற புரதத்தை அன்று யாரும் பார்த்ததில்லை.

முப்பத்தைந்து ஆண்டு கழித்து, துப்பு ஒரு பழ ஈயிடம் கிடைத்தது. ஈதர் கொடுத்தால் கால் நடுங்கும் ஒரு வகை ஈ, பெயர் ‘ஷேக்கர்’. 1987-ல் அதன் பழுதான மரபணுவைப் பிரித்தெடுத்தபோது, அது பொட்டாசியம் சேனலுக்கானது என்று தெரிந்தது. 1991-ல் ராடரிக் மெக்கின்னன் தேள் விஷத்தை வைத்துச் சோதித்து, அப்படிப்பட்ட நாலு துண்டுகள் கூடித்தான் ஒரு சேனல் ஆகிறது என்று காட்டினார்.

ஒவ்வொரு துண்டிலும் நேர்மின்னேற்றம் வரிசையாக அமைந்த ஒரு பகுதி உண்டு. ஓய்வில் இருக்கும் செல்லின் உட்புறம் எதிர்மின். அது இந்தப் பகுதியை உள்ளே இழுத்து வைக்கிறது, வாசல் மூடியிருக்கிறது. துடிப்பு வந்து அந்த இழுப்பு தளர்ந்ததும், பகுதி வெளிப்பக்கமாக நகர்ந்து வாசலைத் திறக்கவிடுகிறது. பொட்டாசியம் வெளியேற வெளியேற உட்புறம் மறுபடி எதிர்மின் ஆகிறது. அதுவே வாசலையும் மூடிவிடுகிறது.

அப்போ 1952-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொல்லலாமா? நான் சொல்ல மாட்டேன். 1960-ல் கோல், மூர் இருவரும் கணவாய் நரம்பை மிக ஆழமான எதிர்மின் நிலையிலிருந்து தொடங்கவைத்தபோது, இருபத்தைந்தாம் படி தேவைப்பட்டது. நாலு உணர்விகள் தனித்தனியே பல படிகளில் நகர்கின்றன, கடைசியில் எல்லாம் சேர்ந்து வாசலைத் திறக்கின்றன என்பதுதான் இன்றைய புரிதல். எண் பொருந்தியதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. பல பாகங்கள் ஒத்துழைத்தால்தான் கதவு திறக்கும் என்ற யோசனைதான் நிலைத்தது.

1963-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனா எனக்கு அந்தப் பரிசைவிடப் பெரிதாகத் தெரிவது, தங்கள் கணக்கு எதை நிரூபிக்கவில்லை என்பதையும் அதே கட்டுரையில் எழுதிவைத்தார்களே, அதுதான். அதை எழுதியிருக்காவிட்டால், பின்னால் வந்த நாம் நாலைப் பார்த்ததும் தேடுவதை நிறுத்தியிருப்போம்.