ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமாட்டோம்

போன மாதம் ஒரு கல்லூரி இளைஞர் முகாமில் பேசப் போயிருந்தேன். எனக்குக் கொடுத்த தலைப்பு "அன்றாட வாழ்வில் தேவனுக்கு முதலிடம்". உங்களுக்கு அது என்னவாகப் படுகிறது என்று முதலில் பிள்ளைகளையே கேட்டேன். விடியற்காலை ஜெபம், தசமபாகம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வசனம், பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரரிடம் கைப்பிரதி கொடுப்பது என்று வரிசையாகச் சொன்னார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். "அக்கா, இதுல எதைச் செஞ்சாலும் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லையே. அப்புறம் எதுக்கு ஊர்ல நம்மள வேதக்காரன்னு சொல்லி அடிச்சாங்க?"

அன்று அவளுக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பதில் ஓங்கோலில் இருக்கிறது. இன்றைக்கு அது ஆந்திராவில் பிரகாசம் மாவட்டத் தலைநகரம். 1866-இல் சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூர்.

அந்த ஆண்டு எர்ரகுண்ட்ல பேரய்யா என்பவர் ஞானஸ்நானம் பெற்றார். மாதிகர், தோல் வியாபாரி. தெலுங்கு நாட்டில் மாதிகர் என்றால் இங்கே அருந்ததியர் என்று புரிந்துகொள்ளுங்கள். செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, தோலைப் பதப்படுத்துவது, விவசாயிக்குச் செருப்பும் கமலைக்குத் தோல் சாலும் தைத்துக் கொடுப்பது, ஊர்த் திருவிழாவுக்கு டப்பு அடிப்பது எல்லாம் அவர்கள் தலையில். கூலி என்று தனியாகக் கிடையாது. அறுவடை முடிந்ததும் களத்தில் அளந்துபோடும் தானியம்தான். அளந்துபோடலாம், போடாமலும் விடலாம். முழு அதிகாரமும் அந்த "லாமில்" இருந்தது.

பேரய்யா கிறிஸ்தவத்துக்கு வந்த வழி சுவாரசியமானது. எந்த மிஷனரியும் அவர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. தோல் வாங்க வடக்கே ஏலூர்ப் பக்கம் போனபோது அங்கிருந்த மிஷனரியிடம் புதிய செய்தியைக் கேட்டார். அதற்கு முன்பே அவர் தேடிக்கொண்டிருந்த மனிதர்தான். ராஜயோகம் கற்பிக்கும் குருமார்களிடம் உபதேசம் பெற்று, தானும் குருவாகச் சிலருக்கு வழிகாட்டியவர். நம் வரலாறுகளில் இது அடிக்கடி விடுபட்டுப்போகிறது. "ஏழை, அறியாமல் மதம் மாறினான்" என்று ஒரு தரப்பு சொல்லும். "இருளில் இருந்தவனுக்கு மிஷனரி ஒளி கொடுத்தார்" என்று இன்னொரு தரப்பு சொல்லும். பேரய்யா யோசிக்கத் தெரிந்தவர், கேட்டவர், ஒப்பிட்டுப் பார்த்தவர், தானே முடிவெடுத்தவர் என்பது இரண்டு கதையிலும் வராது.

ஊருக்குத் திரும்பிய பேரய்யாவும் அவர் மனைவி நாகம்மாவும் மாமன் மச்சான், சம்பந்தி, பழைய சீடர்கள் என்று தங்கள் சொந்தபந்தத்திடம்தான் முதலில் பேசினார்கள். பகலெல்லாம் வேலை என்பதால் இரவில்தான் ஆட்கள் கூடுவார்கள். 1867 ஜனவரியில் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளஃப், பேரய்யாவின் ஊரான தல்லகொண்டபாட்டுக்குப் போனபோது ஆட்கள் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தார்கள். புளியந்தோப்பில் கூட்டம் நடந்தது. 28 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். விதைத்தவர் செருப்புத் தைக்கிற சாதிக்காரர். மிஷனரி அறுவடைக்கு வந்தவர்தான்.

கிளஃப் அவர்களிடம் மூன்று விஷயங்களைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது. செத்த மாட்டுக் கறி சாப்பிடக் கூடாது. விக்கிரகங்களை வணங்கக் கூடாது. படிக்கும்போது மூன்றும் வெறும் பக்தி விதிகளாகத் தோன்றும். ஒரு மாதிகர் வாழ்க்கைக்குள் வைத்துப் பாருங்கள்.

முதலில் ஞாயிறு. ரெட்டியார் வீட்டோடு கட்டப்பட்ட ஒரு குடும்பத்துக்குக் கிழமை என்று ஒன்று கிடையாது. கூப்பிட்டால் போக வேண்டும். உழைப்பை மட்டுமல்ல, நேரத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்வதுதான் சாதி. அங்கே நின்று ஒருவர், "ஆறு நாள் உங்களுக்கு, ஒரு நாள் என் ஆண்டவருக்கு" என்று சொன்னால் என்ன பொருள்? ஏழில் ஒரு நாள் என் காலம் உன்னுடையது இல்லை என்று பொருள். அறுவடை நேரத்தில் ஞாயிறு வந்தால் அது வேலைநிறுத்தத்துக்குச் சமம். சங்கமும் இல்லை, கொடியும் இல்லை, பிரசங்கமும் ஜெபமும்தான்.

உபாகமம் ஐந்தாம் அதிகாரம் இதை நன்றாகவே சொல்கிறது. ஓய்வுநாள் கட்டளைக்கு அங்கே தரப்படும் காரணம் எகிப்து: நீங்கள் அடிமையாக இருந்தவர்கள், ஆகவே உங்கள் வேலைக்காரனும் வேலைக்காரியும்கூட உங்களைப்போல இளைப்பாற வேண்டும் என்கிற கருத்து. நம் ஞாயிறு பள்ளிகளில் யாத்திராகமத்தின் பத்துக் கட்டளையை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். இந்த இன்னொரு வடிவத்தைச் சொல்லித்தந்ததாக எனக்கு நினைவில்லை.

இரண்டாவது, செத்த மாட்டுக் கறி. இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். மாட்டுக்கறி உண்பது இழிவு என்பதல்ல இதன் பொருள். அந்த வாதத்தை நாம் எவருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஊர் எறிந்த பிணத்தை "உனக்கு இது போதும்" என்று ஒரு சாதிக்கு ஒதுக்கிவைத்ததுதான் பிரச்சினை. 1927-இல் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் மகர்களிடம் இதையே கைவிடச் சொன்னார். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பு ஓங்கோல் மாதிகர்கள் அதைத் தொடங்கிவிட்டார்கள். தோல் வேலையை அவர்கள் விடவில்லை. சோறு போட்ட தொழில் அது, அதில் கேவலம் எதுவும் இல்லை.

மூன்றாவது, விக்கிரகம். இதுவும் சாமி கும்பிடுவதோடு நிற்கவில்லை. ஊர் அம்மன் திருவிழாவில் டப்பு அடிப்பது மாதிகர் கடமை. இனி அந்தச் சாமி எங்களுக்கு இல்லை என்றதும் டப்பும் நின்றது. டப்பு இல்லாமல் திருவிழா நடக்காது. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக அடி வாங்கிய தமிழகச் சேரிகளை அறிந்தவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. கிணற்றுக்கும் மேய்ச்சலுக்கும் தடை, களத்து தானியம் மறுப்பு, பொய் வழக்கு.

மாணவி கேட்ட "நஷ்டம்" இங்கே வந்துவிட்டது. அவர்கள் தேவனை முதலில் வைத்தபோது, அதுவரை முதலில் இருந்தவர் இரண்டாம் இடத்துக்குப் போனார். அடி விழுந்தது அதற்காக.

சபைக்குள்ளும் சோதனை வந்தது. கிளஃப் ஓங்கோலில் நடத்திய பள்ளிக்குப் பிராமணப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். மாதிகர்கள் வரத் தொடங்கியதும் அவர்கள் போய்விட்டார்கள். யாரை வைத்துக்கொள்வது? அன்று கணவனும் மனைவியும் தனித்தனியே வேதாகமத்தைத் திறந்தபோது இருவருக்கும் வந்தது ஒரே பகுதி, பலவான்களில் அநேகர் அழைக்கப்படவில்லை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இடம் என்பது மிஷன் வரலாற்றில் பிரபலமான கதை. கதை கொஞ்சம் அளவுக்கு மீறி அழகாக இருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் எடுத்த முடிவு உண்மை. பெரிய சாதிப் பிள்ளைகளைப் பிடித்தால் மற்றவர்கள் தானாக வருவார்கள் என்ற கணக்கு இந்தியாவெங்கும் மிஷன்களில் இருந்த காலம் அது.

பிறகு தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். இளமையில் நில அளவை வேலை பார்த்தவரான கிளஃப், பக்கிங்காம் கால்வாயில் மூன்று மைலுக்குச் சற்று அதிகமான நீளத்தை ஒப்பந்தத்தில் எடுத்து மக்களுக்குக் கூலி கொடுத்தார். "சோற்றுக்கு மாறியவர்கள்" என்று இன்றும் நம்மைச் சொல்கிறார்களே, அவர்களுக்காக இந்தத் தகவல்: அந்தப் பஞ்ச வேலை நடந்த மாதங்களில் கேட்டு வந்தவர்களுக்கு கிளஃப் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. வேலை முடிந்த பிறகுதான் கொடுத்தார். 1878 ஜூலை 3 அன்று குண்ட்லகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் மூழ்கி எழுந்தார்கள். தண்ணீரில் நின்று ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் இந்தியப் போதகர்கள். இரண்டு இரண்டு பேராக மாறிமாறி நின்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் எண்ணிக்கை 9,000-ஐத் தாண்டியது.

இதே காலத்தில் பஞ்சாபிலும் ஒரு தோல் வியாபாரி இருந்தார். சியால்கோட் பக்கத்து தித். சூரா சாதி, ஒரு கால் ஊனம். 1873 ஜூனில் ஞானஸ்நானம் பெற்றார். இங்கேயே தங்கிப் படி என்றார் மிஷனரி சாமுவேல் மார்ட்டின். இல்லை, ஊருக்குப் போகிறேன் என்றார் தித். ஊரில் சொந்தக்காரர்களே கேலி செய்தார்கள், துரையாகிவிட்டாயோ என்றார்கள். இரண்டே மாதத்தில் மனைவி, மகள், அக்கம்பக்கத்தார் இருவர் என்று கூட்டிக்கொண்டு முப்பது மைல் நடந்து சியால்கோட்டுக்கு வந்தார். 1915 வாக்கில் அந்த மாவட்டத்துச் சூராக்களில் ஏறக்குறைய எல்லோருமே கிறிஸ்தவர்கள். தித் மேடை ஏறிப் பேசியவரல்ல. தோல் வாங்கப் போன இடமெல்லாம் பேசினார், அவ்வளவுதான்.

எல்லாம் வெற்றிக்கதை என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. மாதிகரும் மாலரும் ஒரே மேசையில் உட்காரவில்லை. தெலுங்கு நாட்டில் பாப்டிஸ்ட் சபை பெரும்பாலும் மாதிகர் சபையாகவும் லுத்தரன் முதலான சபைகள் பெரும்பாலும் மாலர் சபையாகவும் நின்றன. 1994-இல் மாதிகர் உள்ஒதுக்கீட்டுக்கான தண்டோரா இயக்கம் பிறந்தது இதே பிரகாசம் மாவட்டத்து ஈதுமூடி கிராமத்தில். அடிபட்ட இரண்டு சாதிகளுக்கு நடுவே இருந்த சுவரை ஞானஸ்நானத் தண்ணீர் கரைக்கவில்லை. நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் சுவர்களைப் பார்த்தவர்கள் ஆந்திராவை மட்டும் குறை சொல்ல மாட்டார்கள்.

அரசும் தன் பங்கைச் செய்தது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது; கிறிஸ்தவருக்கு இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் நம்மைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டார்கள். ஆந்திராவில் பி.சி.-சி என்று ஒரு சதவீதம். ஆகவே காகிதத்தில் இந்து, ஞாயிற்றுக்கிழமை சபையில். இப்படி இரட்டை வாழ்க்கை வாழும் குடும்பங்களை வேலையின் நிமித்தம் வாரந்தோறும் சந்திக்கிறேன். "தேவனை மறுதலித்தவர்கள்" என்று அவர்களைப் பிரசங்க மேடையிலிருந்து திட்டும் போதகர்களையும் கேட்டிருக்கிறேன். சான்றிதழில் ஒரு வார்த்தைக்காகப் பிள்ளையின் படிப்பை இழக்க வேண்டியவரிடம் விசுவாசத்தை அளக்கும் தகுதி அவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

1985 ஜூலை. மீண்டும் பிரகாசம் மாவட்டம், காரம்சேடு கிராமம். மாதிகர்கள் குடிதண்ணீர் எடுக்கும் குளத்தில் கம்மா சாதி இளைஞர்கள் எருமைக்குத் தீவனம் வைத்து, அழுக்கு வாளியைக் கழுவினார்கள். தண்ணீரைக் கெடுக்காதே என்று மாதிகர் தரப்பில் குரல் எழுந்தது, அடிக்க வந்தார்கள். அங்கே தண்ணீருக்கு வந்திருந்த ஒரு மாதிகப் பெண், தன்னைக் காத்துக்கொள்ளக் கையிலிருந்த குடத்தை ஓங்கினார். மறுநாள், ஜூலை 17, கும்பல் மாதிகர் குடியிருப்புக்குள் புகுந்து ஆறு பேரை வெட்டிக் கொன்றது. செத்தவர்களின் பெயர்களில் மோஷேக்கள் உண்டு, ஒரு யெகோசுவாவும் உண்டு: மோசேயும் யோசுவாவும். அந்தக் கொலைகளிலிருந்து எழுந்த தலித் மகாசபை ஆந்திராவின் தலித் அரசியலையே மாற்றியது.

குடத்தை ஓங்கிய அந்தப் பெண்ணின் பெயர் முன்னங்கி சுவார்த்தா. தெலுங்கில் "சுவார்த்த" என்றால் சுவிசேஷம்.