திறமை என்றொரு தீர்ப்பு: பின்பால் இயந்திரத்தின் வரலாற்றை முன்வைத்து

1942 ஜனவரியில் நியூயார்க் நகரத்துப் போலீஸ்காரர்கள் மிட்டாய்க் கடை, மதுக்கூடம் என்று புகுந்து பின்பால் இயந்திரங்களைத் தூக்கி வந்தார்கள். சில வாரங்களில் ஆயிரக்கணக்கில் பிடிபட்டன. மேயர் ஃபியோரெல்லோ லா கார்டியா பத்திரிகைக்காரர்களை வைத்துக்கொண்டு சம்மட்டியால் உடைத்தார். அமெரிக்கா உலகப் போரில் இறங்கி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. உலோகமெல்லாம் போர்த் தளவாடங்களுக்கு என்று சொல்லப்பட்டது. மரக்கால்களைக் கடைந்து போலீஸ் தடிகளாக்கினார்கள். ஆடுகிறவன் முட்டுக்கொடுத்து நின்ற கால், அவனை அடிக்கும் தடியாயிற்று என்று இதை வாசிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு உருவகத்தோடு திருப்திப்பட்டுக்கொண்டால் முக்கியமான கேள்வி நழுவிவிடும்.

சட்டம் சொன்ன குற்றம் இதுதான்: பின்பால் அதிர்ஷ்டத்தால் தீர்மானிக்கப்படும் ஆட்டம், ஆகவே சூதாட்டம். இந்தத் தடை 1976 வரை, 34 ஆண்டுகள் நீடித்தது. தடை விலகியபோது சொல்லப்பட்ட காரணம், பின்பால் திறமையின் ஆட்டம் என்பது. இடைப்பட்ட காலத்தில் இயந்திரம் மாறியதா, அல்லது ‘திறமை’ என்ற சொல்லின் பொருள் மாறியதா?

சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் அலமீடா என்று ஒரு தீவு ஊர். அங்கே பசிபிக் பின்பால் அருங்காட்சியகத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் போயிருந்தேன். கூட்டிப்போன அத்தான், “எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஆடு, உள்ள காசே கெடையாது” என்றார். உண்மைதான். வாசலில் கட்டணம் கட்டிவிட்டால் உள்ளே எந்த இயந்திரத்திலும் காசு போட வேண்டியதில்லை. 1930களின் மரச்சட்ட இயந்திரங்கள் தொடங்கி நேற்றைய இயந்திரங்கள்வரை வரிசையாக நிற்கின்றன. முதல் பத்து நிமிஷம் பரவசம். பிறகு, பந்து கீழே விழுந்தால் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதைக் கவனித்தேன். பொத்தானை அழுத்தினால் இன்னொரு பந்து. இந்த ஆட்டத்தின் வரலாற்றையே நடத்திவந்த காசுத் துவாரம் அங்கே வெறும் அலங்காரம். அருங்காட்சியகம் பொருளைக் காப்பாற்றி, அதன் பணயத்தைக் கழற்றி வைத்துவிடுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பணயம் இல்லாத இடத்தில்தான் இயந்திரத்தை நிதானமாகப் பார்க்க முடிகிறது.

நம் வீடுகளிலும் ஒரு காலத்தில் ‘பேகடெல்’ பலகை இருந்தது. ஆணி அடித்த பலகை, ஒரு ஓரத்தில் வில் பொருத்திய கட்டை, சில இரும்புக் குண்டுகள். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்ஸில் கோலால் பந்தைத் தள்ளி ஆடிய மேசை ஆட்டத்திலிருந்து வந்தது இது. 1871இல் சின்சினாட்டியில் மான்டேக் ரெட்கிரேவ் காப்புரிமை பெற்ற மாற்றம், கோலை எடுத்துவிட்டு வில்லில் இயங்கும் உந்துகட்டையை வைத்தது. 1931இல் சிகாகோவின் டேவிட் காட்லீப், ‘பேஃபிள் பால்’ என்ற மேசைமேல் வைக்கும் சிறிய பெட்டியை 17.50 டாலருக்கு விற்றார். ஒரு சென்ட் போட்டால் ஐந்து முதல் ஏழு பந்துகள். பெருமந்த காலம். வேலை இல்லாதவனிடம் நேரம் இருந்தது, ஒரு சென்ட்டும் இருந்தது. அடுத்த ஆண்டே ரேமண்ட் மலோனியின் ‘பாலிஹூ’ வந்தது. பாலி நிறுவனத்தின் பெயரே அதிலிருந்து பிறந்ததுதான். விரைவிலேயே ஜெயித்தவனுக்குக் காசு கொட்டும் பின்பால்களும் கடைகளுக்கு வந்தன. லா கார்டியாவின் கோபத்துக்கு இப்படி ஒரு நிஜமான அடிப்படை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருக்கும் சில்லறையை இந்த இயந்திரங்கள் பிடுங்குகின்றன என்பது அவர் வாதம். பிடுங்கத்தான் செய்தன.

ஆனால் இயந்திரத்துக்குள் இன்னொரு வரலாறு ஓடுகிறது. அது ஆடுகிறவனின் உடலைப் பற்றியது. பேஃபிள் பாலில் பந்தை உந்திவிட்ட பிறகு சட்டப்படி நீங்கள் செய்யக்கூடியது ஏதுமில்லை, வேடிக்கை பார்க்கலாம். யார் வேடிக்கை பார்த்தார்கள்? பெட்டியைத் தட்டினார்கள், உலுக்கினார்கள், இடுப்பால் இடித்தார்கள். கண்ணாடிக்குள் இருக்கும் பந்தைத் தொட முடியாதவன், உலகத்தையே ஆட்டிப் பந்தை நகர்த்தப் பார்த்தான். இயந்திர வடிவமைப்பாளர் ஹாரி வில்லியம்ஸ் இதைத் தடுக்க 1930களில் கண்டுபிடித்ததுதான் ‘டில்ட்’. முதலில் ஒரு சின்னக் குண்டைத் தண்டின்மேல் நிறுத்திவைத்தார். உலுக்கினால் குண்டு விழும், ஆட்டம் முடியும். அதற்கு அவர் முதலில் வைத்த பெயர் போலீசுக்குத் துப்பு கொடுப்பவனைக் குறிக்கும் கொச்சைச் சொல் என்பார்கள். பிறகு வந்தது ஊசல். ஒரு உலோக வளையத்தின் நடுவே கம்பியில் தொங்கும் குண்டு. உலுக்கும்போது அது வளையத்தைத் தொட்டால் மின்சுற்று முழுமையாகும், விளக்குகள் அணையும், பொத்தான்கள் செத்துப்போகும்.

ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இங்கே கை துறுதுறுக்கும். இதோ கண்காணிப்பு, இதோ உடலை ஒழுங்குக்குள் கொண்டுவரும் நுண் அதிகாரம் என்று எழுதிவிடலாம். பாதிதான் சரி. டில்ட் உலுக்கலைத் தடைசெய்யவில்லை, உலுக்கலுக்கு ஓர் அளவைத்தான் வைத்தது. ஊசல் வளையத்தைத் தொடாத தூரம்வரை இடிக்கலாம், தள்ளலாம். நல்ல ஆட்டக்காரன் என்பவன் அந்த அளவைத் தன் உள்ளங்கையில் தெரிந்துவைத்திருப்பவன். அலமீடாவில் ஒரு பெரியவர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பந்து நடுவில் விழப்போகும் கணத்தில் மணிக்கட்டால் ஒரு தட்டு. இயந்திரம் நகர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை, பந்து மட்டும் ஒதுங்கிப்போயிற்று. ஊசலை ஏற்றியிறக்கி அந்த அளவைத் தீர்மானிப்பவன் கடைக்காரன் என்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. பலகையின் சாய்வும் அவன் கையில்தான். பொதுவாக ஆறரை டிகிரி. காலடியில் இருக்கும் திருகைக் கொஞ்சம் ஏற்றினால் 80 கிராம் எஃகுப் பந்து வேகம் பிடிக்கும், ஆட்டம் சீக்கிரம் முடியும், அடுத்த காசு சீக்கிரம் விழும். திறமை என்பது ஆடுகிறவனுக்குள் இருக்கும் சொத்து அல்ல, திருகைப் பிடித்திருப்பவனுக்கும் அவனுக்கும் நடுவே இருக்கும் ஓர் உறவு. சட்டத்தின் சொல்லாடலில் இந்த உறவுக்கு இடமே இல்லை.

பிரெஞ்சுக்காரர் ரோஜர் காய்வா 1958இல் விளையாட்டுகளை வகைப்படுத்தியபோது போட்டியையும் தற்செயலையும் இரண்டு தனி வகைகளாக நிறுத்தினார். அவர் நூலைவிட வால்டர் பெஞ்சமின் போதலேர் பற்றிய 1939ஆம் ஆண்டுக் கட்டுரையில் போகிறபோக்கில் சொன்னது எனக்கு நெருக்கமாகப் படுகிறது. சூதாடியின் கையசைவும் ஆலைத் தொழிலாளியின் கையசைவும் ஒன்றுபோல, ஒவ்வொரு அசைவும் முந்தையதோடு தொடர்பற்று, புதிதாகத் தொடங்குகிறது என்பார் அவர். அந்தச் சாபத்திலிருந்து கொஞ்சம் திமிறப் பார்க்கும் இடமாகவே உலுக்கலைப் பார்க்கிறேன்.

1947இல் காட்லீப் நிறுவனத்தின் ‘ஹம்டி டம்டி’யில் ஹாரி மாப்ஸ் துடுப்புகளை வைத்தார், இடம் மூன்று, வலம் மூன்று. அடுத்த ஆண்டு ஸ்டீவ் கோர்டெக் ‘ட்ரிப்பிள் ஆக்‌ஷன்’ இயந்திரத்தில் இரண்டே துடுப்புகளை அடியில் வைத்தார். இன்றைய பின்பாலின் முகம் அதுதான். இனி பந்தைத் திருப்பி அடிக்கலாம், குறி வைக்கலாம். நியாயப்படி தடை அன்றே விழுந்திருக்க வேண்டும். நியூயார்க் அசையவில்லை. இலவச ஆட்டம் கொடுப்பதே பரிசு, பரிசு என்றால் சூது என்று வேறு சில ஊர்கள் வாதிட்டதால், ஆட்டத்துக்குப் பதில் கூடுதல் பந்து தரும் இயந்திரங்களை 1960 முதல் காட்லீப் செய்ய வேண்டிவந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத் தடையைக் கலிபோர்னியா உச்சநீதிமன்றம் 1974இல்தான் தள்ளுபடி செய்தது.

நியூயார்க்கின் கதை 1976 ஏப்ரலில் முடிகிறது. ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளரை, பின்பால் திறமையின் ஆட்டம் என்று நிரூபிக்க நகரசபைக் குழுவின் முன் கூட்டி வந்தார்கள். இரண்டு இயந்திரங்கள் வைக்கப்பட்டன. முதல் இயந்திரத்தில் ஏதோ தில்லுமுல்லு இருக்கும் என்று சந்தேகப்பட்ட உறுப்பினர் ஒருவர் மற்றதில் ஆடச் சொன்னார். ஷார்ப் துடுப்புகளால் குறி சொல்லி அடித்தார். நம்பவில்லை. கடைசியில், உந்துகட்டையை இழுத்து விடுகிறேன், பந்து மேலே நடுப்பாதை வழியாக இறங்கும் என்று அறிவித்துவிட்டு இழுத்தார். இறங்கியது. குழு தடையை நீக்க வாக்களித்தது. அதில் அதிர்ஷ்டமும் இருந்தது என்று ஷார்ப்பே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். திறமைக்குச் சாட்சியாக ஏற்கப்பட்டது 1947இன் துடுப்பு அல்ல. 1871இல் ரெட்கிரேவ் வைத்த அதே வில், அதே உந்துகட்டை. 1942இல் உடைக்கப்பட்ட ஒவ்வொரு இயந்திரத்திலும் அது இருந்தது! ஆக, எதை அதிர்ஷ்டம் என்று சொல்லி உடைத்தார்களோ அதுவே திறமையின் நிரூபணம் ஆயிற்று. மாறியது இயந்திரம் இல்லை. 1975இல் நியூயார்க் நகராட்சி திவாலாகும் விளிம்பில் நின்றது. உரிமக் கட்டணம் வரும் என்ற கணக்கும் மேசையில் இருந்தது. மிட்டாய்க் கடைச் சிறுவனுக்கும் தாதாக்களுக்கும் நடுவே 1942இல் பார்க்கப்பட்ட பண்டம், இப்போது நன்றாக உடுத்திய வெள்ளைக்காரப் பத்திரிகையாளர் ஒருவரின் விரல்களில் காட்டப்பட்டது. யார் கை என்பதைப் பார்த்துத்தான் அது திறமையா தற்செயலா என்று முடிவாயிற்று என்பது என் வாசிப்பு.

வீடியோ கேம்கள் இதை வேறு பக்கத்திலிருந்து உறுதிப்படுத்துகின்றன. 1972இன் ‘பாங்’, 1978இல் டொமோஹிரோ நிஷிகாடோவின் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, 1980இன் ‘பேக்-மேன்’. பேக்-மேனின் பேய்கள் விதிப்படி மட்டுமே நகர்பவை. பாதையை மனப்பாடம் பண்ணி ஆடினார்கள். தற்செயலுக்கு அங்கே அநேகமாக இடமில்லை. அப்படியும் 1981 நவம்பரில் பிலிப்பைன்ஸில் மார்கோஸ் வீடியோ கேம் இயந்திரங்களைத் தடைசெய்தார். டெக்சாஸின் மெஸ்கிட் நகரம் பதினேழு வயதுக்கு உட்பட்டவர்கள் தனியே ஆடக்கூடாது என்று போட்ட விதி, உச்சநீதிமன்றம்வரை போனது 1982இல். இளைஞர்கள் எங்கே கூடி நிற்கிறார்கள் என்பதுதான் எப்போதும் விவகாரம்.

இதையெல்லாம் அமெரிக்கச் சங்கதி என்று தள்ளிவிட முடியாதபடி நம் ஊர் வழக்குகள் இருக்கின்றன. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று உச்சநீதிமன்றம் 1967இல் சொன்னது. 1996இல், தமிழ்நாடு அரசு எதிர்வாதியாக நின்ற வழக்கில், குதிரைப் பந்தயமும் திறமையாயிற்று. இந்தத் தீர்ப்புகளைப் பற்றிக்கொண்டுதான் இணைய ரம்மி நிறுவனங்கள் வந்தன. கடன்பட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்திகள் வந்த பிறகு அரசு கொண்டுவந்த தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் ரத்து செய்தது. நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022இல் வந்த சட்டத்தை, 2023 நவம்பரில் ஏற்றுக்கொண்டும் ரம்மி, போக்கருக்கான தடையை மட்டும் நீக்கியது. ரம்மி திறமை ஆட்டம் என்பதே காரணம். நியூயார்க்கில் கடைத்தெருப் பையனுக்கு வாசலைத் திறந்துவிட்ட சொல், இங்கே அவனைத் தின்கிறவனுக்குக் கேடயமாயிற்று. பலகையின் சாய்வை இங்கே யார் திருகுகிறார்கள் என்று குனிந்து பார்க்கக்கூட முடியாது. கால்களே இல்லாத இயந்திரம்.

திருக்குறளில் சூது அதிகாரம், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் இருக்கிறது. சூதாடி விடமாட்டாதவையாக அங்கே மூன்று சொல்லப்படுகின்றன: கவறு, கழகம், கை. கழகம் என்றால் அப்போது சூதாடும் களம். அந்தச் சொல் பிறகு எங்கெங்கோ போய்விட்டது, அது தனிக்கதை. கை என்பதற்குப் பரிமேலழகர் ஆடலுக்கு வேண்டிய கைத்தொழில் என்று உரை சொல்கிறார். அதாவது கைத்திறன் உண்டு என்பது வள்ளுவருக்குத் தெரியும். தெரிந்தும் அதை விடுதலைக்கான காரணமாக்காமல், காயோடும் களத்தோடும் சேர்த்து ஒரே வலையில் வைக்கிறார். நம் நீதிமன்றங்கள் திறமையைத் தனியே உருவி எடுத்தது ஆங்கிலச் சட்ட மரபு வழியே.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்தப் பாகுபாட்டை ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது. தமிழ்நாட்டுக்கு வேண்டியிருந்ததை ஒன்றிய அரசு தன் அதிகாரத்தைப் பெருக்கிக்கொண்டு செய்தது என்பது வேறு விவாதம். சில நாட்களிலேயே பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. வழக்கும் வந்தது. வழக்குப் போட்டவர்கள் கையில் எடுத்த சொல் மறுபடியும் திறமைதான்.