கண்ணாடிக் கண்ணும் பல்வைத்தியரும்

இழந்த விழிக்கு மாற்றாகப் பொய்க்கண் செய்யும் தொழில், உலோகத்தையும் கண்ணாடியையும் கடந்து பிளாத்திக்கை அடைந்த வரலாற்றைப் பொருள்களின் வரலாறாகவே பலர் எழுதுவர். அதனை அறிவு கைமாறிய வரலாறாக நோக்குவதே பொருத்தமெனத் தோன்றுகிறது.

ஜேர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியிலுள்ள லௌஷா என்னும் ஊரில் 1597 முதல் கண்ணாடித் தொழில் நடைபெற்று வந்தது. அங்கே பொம்மைகளுக்குக் கண் செய்துவந்த லுட்விக் முல்லர்-உரி என்பார், 1835 அளவில் மனிதருக்கான கண்களைச் செய்ய முற்பட்டார். பொம்மைக்குப் போதிய கண்ணாடி மனிதருக்குப் போதவில்லை; கண்ணீர் அதன் மேற்பரப்பை அரித்துச் சொரசொரப்பாக்கிற்று. 1868இல் கிறையொலைற்று என்னும் கனிமம் சேர்த்து உருக்கப்பட்ட வெண்கண்ணாடி இக்குறையைப் பெரிதும் தணித்தது. சுவாலையிற் குழாயைச் சுழற்றி ஊதி, விழியின் நிறவளையமாகிய கதிராளியை வண்ணக் கண்ணாடிக் கோல்களால் வரையும் இக்கைவண்ணம் பெரும்பாலும் தந்தையிடமிருந்து மைந்தனுக்கே சென்றது. பிற நாட்டார் கண்ணை வாங்கினர், செய்முறையைக் கற்றிலர்.

இதன் விளைவு இரண்டாம் உலக யுத்தத்தில் வெளிப்பட்டது. கண்ணிழந்த போர்வீரர் தொகை பெருகிய வேளையில், எதிரி நாடான ஜேர்மனியிலிருந்து கண்ணும் வரவில்லை, கண்ணாடியும் வரவில்லை. அமெரிக்கப் படையின் பல்வைத்திய அதிகாரிகளான ஏர்ப், வேட்ஸ், டீற்ஸ் ஆகிய மூவரும் பொய்ப்பற்களுக்குப் பயன்பட்ட அக்கிரிலிக்குப் பிளாத்திக்கிலே கண் செய்ய முயன்றனர். 1944இல் பென்சில்வேனியாவிலுள்ள வலி போர்ஜ் படை மருத்துவமனையில் அவர்தம் முயற்சிகள் ஒன்றிணைந்தன. வாயின் அச்செடுத்துப் பழகிய கைகள் கட்குழியின் அச்சையும் எடுத்தன. கதிராளி தூரிகையால் தீட்டப்பட்டது. வெண்விழியின் நாளங்களுக்குச் சிவப்பு நூலிழைகள் பதிக்கப்பட்டன. பல்வைத்தியர் கண் செய்தமை விந்தையன்று. அளந்து பொருத்துவதே அவர்தம் தொழிலன்றோ! குடும்பங்களுள் அடங்கியிருந்த கலை இவ்வாறு படைப் பயிற்சிப் பாடமாயிற்று.

ஆயினும் அக்கிரிலிக்குக் கண்ணாடியை வென்றொழித்தது எனல் மிகைக்கூற்று. ஜேர்மனியில் இன்றும் நோயாளியின் எதிரிலேயே கண்ணாடிக் கண் ஊதப்படுகிறது. அமெரிக்காவிலோ, 1957இல் சங்கம் அமைத்த இத்தொழிலாளர், புதிதாகச் சேர்பவருக்கு ஐந்தாண்டு, அதாவது 10,000 மணித்தியாலப் பயிலுநர் காலத்தை விதித்துள்ளனர். பயிற்சி இன்றும் அனுபவமுள்ள ஒருவரின் அருகிருந்தே பெறப்படுகிறது. ஆனால் அவர் தந்தையாக இருக்கவேண்டுமென்ற கட்டாயமில்லை.