காக்ரேன், ராபர்ட் கிரீன்ஹில்

ராபர்ட் கிரீன்ஹில் காக்ரேன் (1899–1985) தோல்நோய் மருத்துவர், தொழுநோய் ஆய்வாளர். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனையின் தலைமை மருத்துவராகவும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் முதல்வராகவும் பணியாற்றினார். இன்றும் தொழுநோய்ச் சிகிச்சையில் இடம்பெறும் டாப்சோன் மருந்தை வேறு சேர்மமாக மாற்றாமல் அப்படியே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடி இவர். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்க வேண்டிய சாபமாகக் கருதப்பட்ட தொழுநோயை, மற்ற நோய்களைப் போலவே பொது மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரியும் கவனிக்க வேண்டிய நோயாக ஆக்கியதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இளமையும் பயிற்சியும்

காக்ரேனின் தந்தை தாமஸ் காக்ரேன் சீனாவில் பணிபுரிந்த மிஷன் மருத்துவர். 1906-இல் பீக்கிங் நகரில் யூனியன் மருத்துவக் கல்லூரியை நிறுவியவர். சீனாவில் பிறந்த ராபர்ட் பிரிட்டனில் மருத்துவம் பயின்று, 1924-இல் தொழுநோயாளர் மிஷனின் பணிக்காக இந்தியாவுக்கு வந்தார். அக்காலத்தில் இந்நோயைப் பற்றிக் கற்க விரும்பும் மருத்துவர்கள் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்குத்தான் செல்வார்கள். அங்கே எர்னஸ்ட் மியூரிடம் காக்ரேன் பயின்றார்.

சில ஆண்டுகளுக்குப் பின் லண்டனில் பிரிட்டிஷ் பேரரசுத் தொழுநோய் நிவாரணச் சங்கத்தின் மருத்துவச் செயலாளர் ஆனார். அச்சங்கம் 1930-இல் தொடங்கிய ‘லெப்ரசி ரிவ்யூ’ என்ற ஆய்விதழிலும், 1931-இல் மணிலாவில் கூடிய மாநாட்டின் வழியே உருவான சர்வதேசத் தொழுநோய்ச் சங்கத்திலும் அவர் தொடக்கம் முதலே பங்கேற்றார். பல நாட்டு மருத்துவமனைகளைப் பார்த்துவந்த அனுபவத்துடன் 1935-இல் செங்கல்பட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அன்றைய நிலை

தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் 1873-லேயே கண்டறிந்திருந்தார். நோய் பரம்பரையாக வருவதில்லை, கிருமியால் பரவுகிறது என்பது அதனால் தெளிவாயிற்று. ஆனால் அந்த அறிவு நோயாளிக்கு நன்மை தரவில்லை. தொற்றும் என்று தெரிந்ததும் ஒதுக்கிவைப்பதற்குச் சட்டமும் துணை சேர்ந்தது. 1898-இல் இயற்றப்பட்ட இந்தியத் தொழுநோயாளர் சட்டம், பிச்சையெடுத்துத் திரியும் நோயாளிகளைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வழிசெய்தது. அது முற்றிலும் நீக்கப்பட்டது 2016-இல்தான்.

மருந்து என்று கையில் இருந்தது நீரடிமுத்து எண்ணெய். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் மரத்தின் விதையிலிருந்து எடுக்கப்படும் இந்த எண்ணெய் சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் நெடுங்காலமாகத் தோல்நோய்களுக்குப் பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோனார்ட் ராஜர்ஸ், மியூர் போன்றோர் அதையே ஊசி மருந்தாக மாற்றினர். படை இருக்கும் தோலில் நெருக்கமாகப் பல இடங்களில் ஊசி குத்தி எண்ணெயை ஏற்றுவார்கள். வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில் இது தொடரும். வலி மிகுதி, ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ் வைப்பதும் உண்டு. தொடக்க நிலையில் இருந்த சிலருக்குப் பலன் கிடைத்தது. முகமெங்கும் தடித்து, உடல் முழுதும் கிருமி பரவியவர்களுக்கு அது போதவில்லை.

திருமணியில்

சென்னையில் இருந்த அரசுத் தொழுநோய் மருத்துவமனை 1920-களில் திருமணிக்கு மாற்றப்பட்டு, ஆளுநர் மனைவியின் பெயரால் லேடி வெலிங்டன் மருத்துவமனை என அழைக்கப்பட்டது. காக்ரேன் பொறுப்பேற்ற பின் அது அடைக்கலம் தரும் குடியிருப்பாக மட்டும் நில்லாமல் ஆய்வுக்கூடமும் ஆயிற்று.

நோயைக் கண்டறியும் முறையில் அவர் கண்டிப்பானவர். தொழுநோயின் படை சுற்றியுள்ள தோலைவிடச் சற்று வெளிறியோ சிவந்தோ இருக்கும்; அந்த இடத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். அதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சின் நுனியைத் திரித்துத் தோலை மெல்லத் தொட வேண்டும். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்டுவார். நல்ல தோலில் சரியாகக் காட்டிவிட்டுப் படை மீது தொடும்போது சும்மா இருந்தால் சந்தேகம் உறுதிப்படும். அடுத்து முழங்கைக்குப் பின்னால், முழங்காலுக்குப் பக்கத்தில் நரம்புகள் தடித்திருக்கின்றனவா என்று தடவிப் பார்ப்பார்கள். காது மடலை இரத்தம் வராதபடி அழுத்திப் பிடித்து, கத்தி நுனியால் சிறு கீறல் போட்டு, சுரண்டி எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றுவதும் உண்டு. கிருமிகள் இருந்தால் நுண்ணோக்கியில் சிவந்த குச்சிகளாகத் தெரியும்.

இந்தச் சோதனையால் இன்னொரு நன்மையும் விளைந்தது. வெண்புள்ளி எனப்படும் விட்டிலிகோவில் தோல் நிறமி அறவே போய்ப் பால் வெள்ளையாகிறது, ஆனால் உணர்ச்சி குறைவதில்லை. அது தொற்றுவதுமில்லை. ‘வெண்குஷ்டம்’ என்ற தவறான பெயரைச் சுமந்து, பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்கும் அளவுக்கு ஒதுக்கப்பட்ட வெண்புள்ளிக்காரர்களுக்கும் தொழுநோய்க்கும் தொடர்பில்லை என்பதை ஒரு பஞ்சுத் திரியே காட்டிவிடும்.

குழந்தைகளிடம் காணப்படும் தொழுநோயைக் காக்ரேன் தனிக் கவனத்துடன் ஆராய்ந்தார். சைதாப்பேட்டையில் குழந்தைகளுக்கென இயங்கிய வெள்ளிவிழா மருத்துவ நிலையம் இதற்குக் களமாயிற்று. கிருமி மிகுந்த நோயாளியுடன் ஒரே வீட்டில் வளரும் குழந்தைக்கே ஆபத்து அதிகம் என்பதும், எல்லா நோயாளிகளும் நோயைப் பரப்புவதில்லை என்பதும் இத்தகைய ஆய்வுகளால் வலுப்பெற்றன. அப்படியானால் எல்லோரையும் அடைத்து வைப்பதில் பொருளில்லை. தொற்று பரப்பும் நோயாளி பகலில் தன் வயலிலும் வீட்டிலும் இருந்துவிட்டு, இரவில் மட்டும் ஊரருகே தனிக்குடிசையில் தூங்கும் ஏற்பாட்டை அவர் பரிந்துரைத்தார். வேலையும் குடும்பமும் கைவிட்டுப் போகாமல் குழந்தைகளைக் காப்பதே இதன் நோக்கம்.

டாப்சோன்

டாப்சோன் 1908-இல் ஜெர்மனியில் சாயத் தொழிலோடு தொடர்புடைய வேதியியல் ஆய்வில் பிறந்தது. முப்பது ஆண்டுகள் அதை மருந்தாக எவரும் நினைக்கவில்லை. 1937-இல் கிருமிகளைக் கொல்லும் அதன் ஆற்றல் தெரியவந்தது. கூடவே, அன்று கொடுக்கப்பட்ட அளவில் அது நஞ்சு என்பதும் தெரிந்தது. எனவே நச்சுத்தன்மை குறைந்த மாற்றுச் சேர்மங்களைத் தயாரித்தனர். அவற்றுள் ஒன்றான ப்ரோமினை அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் 1941 முதல் கை ஃபாஜெ தொழுநோயாளிகளுக்குக் கொடுத்தார். ஆறாத புண்கள் ஆறின. தடித்த முகங்கள் இயல்புக்குத் திரும்பின. ஆனால் ப்ரோமினைச் சிரைவழி ஊசியாக மீண்டும் மீண்டும் போட வேண்டும், விலையும் அதிகம். லட்சக்கணக்கான நோயாளிகள் உள்ள இந்தியாவுக்கு அது கட்டுப்படியாகாது.

விலை மிகுந்த மாற்றுச் சேர்மங்களைச் சுற்றி வருவதைவிட, மூலப்பொருளான டாப்சோனையே நேரடியாகக் கொடுத்தால் என்ன என்பது காக்ரேனின் எண்ணம். மாடுகளின் மடிநோய்க்குப் பயன்பட்டுவந்த மருந்து அது. நிலக்கடலை எண்ணெயில் கலந்து, தோலுக்கடியில் ஊசியாக, 1946 வாக்கில் செங்கல்பட்டு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். அளவை அடக்கிக் கொடுத்தால் உடல் தாங்கிக்கொள்ளும், நோயும் தணியும் என்பது தெரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நைஜீரியாவின் உசுவாகோலியில் ஜான் லோவ், நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் என்ற சிறு அளவில் மாத்திரையாகவே கொடுத்தால் போதும் என்று நிறுவினார்.

மலிவான மாத்திரை கைக்கு வந்ததும் மருத்துவத்தின் முறையே மாறிற்று. நோயாளி மருத்துவமனையில் வந்து தங்க வேண்டியதில்லை. மருந்து அவரைத் தேடிப் போகலாம். பெல்ஜிய மருத்துவர் பிரான்ஸ் ஹெமெரிக்ஸ் 1955-இல் செங்கல்பட்டு மாவட்டத்துப் பொலம்பாக்கத்தில் மையம் அமைத்து, சாலையோர மரநிழலில் குறித்த நாளில் கூடும் மருத்துவ முகாம்களை நடத்தியது இதனால்தான் இயன்றது.

வேலூரில்

மிஷன் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918-இல் வேலூரில் தொடங்கி, பின்னர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த பெண்கள் மருத்துவப் பள்ளி நெருக்கடியில் இருந்த காலம் 1940-கள். பட்டயப் படிப்பு போதாது, பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக உயர்த்த வேண்டும் என்று சென்னை அரசு வற்புறுத்தியது. அதற்கேற்ற பேராசிரியர்களும் படுக்கை வசதியும் இல்லாமல் கல்லூரி தடுமாறிக்கொண்டிருந்தது. காக்ரேன் 1944 முதல் 1948 வரை முதல்வராக இருந்து ஆட்களைத் தேடிச் சேர்த்தார். 1947-இல் ஆண்களும் எம்.பி.பி.எஸ். படிப்பில் சேர்க்கப்பட்டனர்.

அவர் அழைத்து வந்தவர்களுள் ஒருவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914-இல் மிஷனரி தம்பதிக்குப் பிறந்து, லண்டனில் அறுவை மருத்துவம் பயின்றவர். 1947-இல் காக்ரேன் அவரைத் திருமணிக்கு அழைத்துச் சென்று காட்டினார். தோட்டத்தில் இருந்த நோயாளிகளின் விரல்கள் மடங்கி, கை கொக்கிபோல் முடங்கியிருந்தன. எலும்பு மருத்துவர்கள் யாரும் இதை ஏன் ஆராயவில்லை என்று பிராண்ட் கேட்டார். தாம் தோல் மருத்துவர் என்றும், கையைப் பார்ப்பது பிராண்டின் வேலைதான் என்றும் காக்ரேன் சொல்லிவிட்டார். பிராண்ட் ஒரு நோயாளியின் முடங்கிய கைக்குள் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி வலிக்கும் அளவுக்கு இறுகியது. செயலிழந்தவை சில தசைகள் மட்டுமே, மற்றவை நல்ல வலுவுடன் இருக்கின்றன என்பது அதிலிருந்து புரிந்தது. வலுவுள்ள தசையின் நாணை எடுத்து விரலோடு இணைக்கும் அறுவைச் சிகிச்சை அவரால் வேலூரில் வளர்ந்தது. விரல்கள் தேய்வது நோயால் ‘அழுகி விழுவதால்’ அல்ல, உணர்ச்சியில்லாத கை சுடுபாத்திரத்திலும் கருவிகளிலும் அடிபடுவதால் என்பதையும் பிராண்ட் குழு எடுத்துக்காட்டிற்று.

தொழுநோயாளியைப் பொது மருத்துவமனையில் சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற அச்சம் அன்று மருத்துவர்களிடமே இருந்தது. அதையும் மீறித் தொழுநோய் மருத்துவத்தை மருத்துவக் கல்லூரியோடு பிணைக்கும் முயற்சியின் விளைவாக, வேலூரை அடுத்த கரிகிரியில் ஷீஃபலின் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை 1955-இல் செயல்படத் தொடங்கியது. அதே ஆண்டில் திருமணி மருத்துவமனையையும் சைதாப்பேட்டை நிலையத்தையும் மத்திய அரசு ஏற்று, மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆய்வு நிறுவனமாக மாற்றியது.

பிற்காலமும் நூலும்

காக்ரேன் 1951-இல் இங்கிலாந்து திரும்பி, அந்நாட்டுச் சுகாதார அமைச்சகத்தின் தொழுநோய் ஆலோசகரானார். அவர் தொகுத்த ‘லெப்ரசி இன் தியரி அண்ட் பிராக்டிஸ்’ 1959-இல் வெளிவந்தது. ஃபிராங்க் டேவியுடன் இணைந்து செய்த இரண்டாம் பதிப்பு 1964-இல் வந்தது. தோலியல், நரம்பியல், நோய்க்கூற்றியல், அறுவை மருத்துவம் எனப் பல துறையினரையும் ஒரே நூலுக்குள் கொண்டுவந்த அது ஒரு தலைமுறை மருத்துவர்களுக்குப் பாடநூலாக இருந்தது. பின்னர் ஆப்பிரிக்காவிலும் அவர் பணியாற்றினார். 1985-இல் காலமானார்.

பின்விளைவுகள்

டாப்சோன் ஒன்றை மட்டும் ஆண்டுக்கணக்கில் கொடுத்ததால் கிருமிகள் அதற்கு அடங்க மறுத்தன. மலேசியாவின் சுங்கை பூலோவில் பெட்டிட், ரீஸ் இருவரும் 1964-இல் இதைச் சோதனையால் உறுதிப்படுத்தினர். அதன்பின் ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின் ஆகியவற்றுடன் டாப்சோனைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் குழு 1981-இல் பரிந்துரைத்தது. நோயின் வகையைப் பொறுத்து ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் இது முடிந்துவிடுகிறது; மருந்து இலவசம். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை இந்தியா 2005 இறுதியில் எட்டியது. ஆனாலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் புதிய நோயாளிகள் இந்தியாவில் கண்டறியப்படுகின்றனர். உலகக் கணக்கில் இது பாதிக்கும் மேல்.

கிருமி உடலில் புகுந்து அறிகுறி தோன்றச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. சிலருக்கு இருபது ஆண்டுகளும் ஆகலாம். ஆகவே ஓரிடத்தில் தொற்றிய நோய் வேறிடத்தில் வெளிப்படலாம். பல மாநிலத்தவர் வேலைக்காக வந்து தங்கும் ஓசூர் போன்ற எல்லைப்புறத் தொழில் பகுதிகளில் இது கவனிக்க வேண்டிய ஒன்று. இயந்திரத்தில் சூடு பட்டும் வலிக்கவில்லை என்று சொல்லும் தொழிலாளியை, தேமலென்று களிம்பு கொடுத்து அனுப்பாமல், படை மீது பஞ்சால் தொட்டுப் பார்த்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினால் கை முடங்குமுன் நோயைத் தீர்த்துவிடலாம்.