பின்னால் வருபவருக்கான விளக்கு: பழைய பைக்கின் பிரேக் லைட் வரலாறு

இரவு எட்டரை மணி. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம். அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு, மங்கலம் ரோடு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இரு சக்கர வண்டிகள்தான். முன்னால் போகிற வண்டியின் பின்பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. அந்த வண்டி திடீரென்று நிற்கிறது. ஆனால் விளக்கு கொஞ்சமும் பிரகாசமாகவில்லை. பின்னால் வருபவர் கடைசி நொடியில் வண்டியை ஒடித்துத் தப்பிக்கிறார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முன்னால் போனவருக்குத் தன் பிரேக் லைட் எரியவில்லை என்பதே தெரியாது! ஹாரன் அடிக்காவிட்டால் காதுக்குத் தெரியும். ஹெட்லைட் எரியாவிட்டால் கண்ணுக்குத் தெரியும். பிரேக் லைட் மட்டும் ஓட்டுபவர் தன் கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் இருக்கிறது. அது அவருக்காக வைக்கப்பட்ட விளக்கே அல்ல, பின்னால் வரும் யாரோ ஒருவருக்காக வைக்கப்பட்டது. அதனால்தான் அது பழுதானாலும் மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் கிடக்கிறது.

இந்தச் சின்ன விளக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய வண்டியில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க அந்த வரலாறு கைகொடுக்கும். ஏனென்றால் ஒவ்வொரு காலத்து வண்டிக்கும் ஒவ்வொரு விதமான நோய்.

ஊரும் வண்டியும்

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் 1920களில் தொடங்கியது. பல ஆண்டுகள் உள்நாட்டுக்கான பனியன்தான் தயாரானது. 1970களின் இறுதியில் இத்தாலிய இறக்குமதியாளர்கள் வந்த பிறகு ஏற்றுமதி சூடு பிடித்தது. 1990-இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் உருவானது.

இந்தத் தொழிலின் தனித்தன்மை, எல்லா வேலையும் ஒரே கூரையின் கீழ் நடப்பதில்லை என்பது. நிட்டிங் ஒரு இடம், டையிங் ஒரு இடம், காஜா பட்டன் இன்னொரு இடம். துணியும் பீஸும் ஊருக்குள் இங்கும் அங்குமாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பெரிய லோடுக்கு டெம்போ. சின்ன மூட்டைக்கு இரு சக்கர வண்டி.

சரியாக அந்தக் காலகட்டத்தில், 1980-இல், ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இருவர் போகக்கூடிய மொபெட். 1984-இல் அதே ஓசூரிலிருந்து இந்த்-சுசுகி, 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அதே ஆண்டில் யமஹா ஆர்.எக்ஸ். 100 என்று வரிசையாக வந்தன. அதற்கு முன்பே சாலையில் இருந்தவை, 1955-இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட், 1961 முதல் மைசூரில் தயாரான ஜாவா (பிறகு எஸ்டி), ராஜ்தூத் போன்றவை. இவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் போட்டுப் பார்த்தால் இவற்றின் மதிப்பு எப்போதோ பூஜ்யமாகியிருக்கும். ஆனால் கிக்கர் உதைத்தால் ஸ்டார்ட் ஆகிறதே!

முதல் தலைமுறை: 6 வோல்ட்

பழைய புல்லட், ஜாவா, ராஜ்தூத் எல்லாம் 6 வோல்ட் வண்டிகள். இங்கே ஒரு சின்ன கணக்கு. 21 வாட் பிரேக் பல்பு 6 வோல்ட்டில் எரிய 3.5 ஆம்பியர் மின்சாரம் வேண்டும். அதே 21 வாட் 12 வோல்ட்டில் எரிய 1.75 ஆம்பியர் போதும்.

இப்போது இணைப்பில் எங்கோ துரு பிடித்து அரை ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். 12 வோல்ட் வண்டியில் அந்தத் துரு விழுங்குவது ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு வோல்ட்டேஜ். 6 வோல்ட் வண்டியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு! துரு ஒன்றுதான், நஷ்டம் வேறு.

எனவே 6 வோல்ட் வண்டியில் பிரேக் லைட் மங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பல்பை அல்ல, எர்த்தை. பழைய வண்டிகளில் மட்கார்டும் சேஸிஸும்தான் மின்சாரம் திரும்பிப் போகும் பாதை. மட்கார்டுக்குப் பெயின்ட் அடித்தாலோ, போல்ட் துருப்பிடித்தாலோ பாதை அடைபடும். பேட்டரியின் எர்த் முனையிலிருந்து ஒரு தனி ஒயரை பல்பு ஹோல்டரின் உடம்பில் தொட்டுப் பார்த்தால், பளிச்சென்று எரிகிறதா இல்லையா என்பதிலேயே விடை கிடைத்துவிடும்.

கடையில் 6 வோல்ட் பல்பு கிடைக்கவில்லை என்று 12 வோல்ட் பல்பு மாட்டுவதும் நடக்கிறது. அது எரியும், ஆனால் பகலில் பார்த்தால் எரிவதே தெரியாது.

இரண்டாம் தலைமுறை: மேக்னெட்டோ

பேட்டரி இல்லாத மொபெட்களில் இன்ஜினோடு சுற்றும் மேக்னெட்டோதான் விளக்குக்கு மின்சாரம் தரும். இன்ஜின் வேகமாக ஓடினால் வெளிச்சம், மெதுவானால் மங்கல். பிரேக் பிடிக்கும்போது என்ன ஆகிறது? ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுகிறோம். இன்ஜின் தணிகிறது. விளக்கு எப்போது பளிச்சென்று எரிய வேண்டுமோ அப்போதுதான் மங்குகிறது!

இது கோளாறு அல்ல, அந்த அமைப்பின் இயல்பு. ஆனால் பல்பு அடிக்கடி ஃபியூஸ் ஆனால் அது கோளாறு. பல்பு கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும். இந்த வண்டிகளில் ஆசைப்பட்டு சாதாரண எல்.இ.டி. பல்பு மாட்டினால் சிமிட்டிக்கொண்டே இருக்கும். காரணம், வருவது ஏ.சி. மின்சாரம்.

மூன்றாம் தலைமுறை: 12 வோல்ட்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் 12 வோல்ட் பரவியது. இந்த வண்டிகளில் ஒரு புது ஏமாற்று வந்தது. பலவற்றில் இன்ஜின் ஓட பேட்டரி தேவையில்லை, கிக்கர் போதும். ஹாரன், இன்டிகேட்டர், பிரேக் லைட் மட்டும் பேட்டரியை நம்பி இருந்தன. பேட்டரி செத்தாலும் வண்டி ஓடும். எனவே உரிமையாளர் பேட்டரி மாற்றுவதைத் தள்ளிப்போடுவார். அவருக்கு எந்த நஷ்டமும் தெரியாது. பின்னால் வருபவருக்குத்தான் தெரியும்.

அதனால்தான் அனுபவமுள்ள மெக்கானிக் பிரேக் லைட் கம்ப்ளெய்ன்ட் என்றதும் முதலில் ஹாரனை அழுத்திப் பார்ப்பார். ஹாரனும் இன்டிகேட்டரும் செத்திருந்தால் பேட்டரி அல்லது ஃபியூஸ். அவை நன்றாக இருந்தால் கோளாறு பிரேக் லைட் லைனிலேயே இருக்கிறது. பிறகு வரிசையாக:

1. பல்பு. உள்ளே இரண்டு இழைகள் உண்டு. 5 வாட் இழை டெயில் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. டெயில் லைட் எரிகிறது என்பதற்காக பல்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. பல்பின் இரண்டு பின்களும் வேறு வேறு உயரத்தில் இருப்பது தலைகீழாக மாட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான். பலவந்தமாகத் திருகினால் இழைகள் இடம் மாறிவிடும்.

2. ஸ்விட்ச். பிரேக் பெடலோடு ஒரு சின்ன ஸ்பிரிங்கால் இணைந்திருக்கும். பல பழைய வண்டிகளில் பின் பிரேக்குக்கு மட்டுமே ஸ்விட்ச் உண்டு. முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் விளக்கு எரியாது. ஸ்விட்சின் இரண்டு ஒயர்களையும் கழற்றி ஒன்றாகத் தொட்டால் விளக்கு எரிகிறதா? அப்படியானால் ஸ்விட்ச்தான் குற்றவாளி.

3. ஒயர். சீட்டுக்கு அடியில், மட்கார்டு ஓட்டையில் உராய்ந்து அறுந்திருக்கும். அல்லது உள்ளேயே பச்சை பூத்திருக்கும்.

4. எர்த். பிரேக் பிடித்ததும் டெயில் லைட் மங்கினாலோ, இன்டிகேட்டர் லேசாக மினுங்கினாலோ எர்த் கோளாறு என்று அர்த்தம்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. பிரேக் ஷூ தேய்ந்து பெடலை அட்ஜஸ்ட் செய்தவர்கள் ஸ்விட்சை மறந்துவிடுவார்கள். விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். எரியாத விளக்கு ஊமை என்றால் இது பொய்யன். பின்னால் வருபவர் அதை நம்புவதையே விட்டுவிடுவார்.

ஒரு விளக்கின் மதிப்பு

1970களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் சில டாக்ஸிகளின் பின்புறம் கூடுதலாக ஒரு எச்சரிக்கை விளக்கைப் பொருத்திப் பார்த்தார்கள். பின்னால் வந்து மோதும் விபத்துகள் பாதிக்கும் மேல் குறைந்தன. தொடர்ந்து நடந்த ஆய்வுகளுக்குப் பிறகு 1986 மாடல் கார்களிலிருந்து மூன்றாவது பிரேக் லைட் அங்கே கட்டாயமானது.

இந்தியாவில் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பதிலாக 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி வந்த மத்திய விதிகளில் ஸ்டாப் லைட்டுக்கும் இடம் உண்டு. சொந்த வண்டிக்கு 15 ஆண்டுகள் முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பல வண்டிகளில் அப்போதுதான் பிரேக் லைட் ஞாபகமே வருகிறது! 2017 ஏப்ரல் முதல் புதிய இரு சக்கர வண்டிகளில் ஹெட்லைட் தானாகவே எரிகிறது. முன் விளக்கு மனிதன் கையை விட்டுப் போய்விட்டது. பின் விளக்கைப் பார்த்துக்கொள்வது இன்னும் மனிதன் பொறுப்பில்தான் இருக்கிறது.

40 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறார். பிரேக் லைட் இல்லாததால் அரை நொடி தாமதமாகப் புரிந்துகொண்டால் ஐந்தரை மீட்டர் போய்விடும். அதாவது முன்னால் நிற்கும் வண்டியைத் தாண்டிய தூரம்.

நாடெங்கும் ஒர்க்‌ஷாப்புகளில் கிரீஸ் துடைக்கப் பயன்படுவது பனியன் வேஸ்ட். திருப்பூரின் துண்டுத் துணி அப்படி எத்தனையோ வண்டிகளைத் துடைத்திருக்கிறது. அதே ஊரில், கேரியரில் கட்டிய பீஸ் மூட்டை கீழே தொங்கி நல்ல பிரேக் லைட்டையே மறைத்துக்கொண்டு போவதும் உண்டு. அங்கே பல்பும் ஸ்விட்சும் எர்த்தும் சரியாகத்தான் இருக்கின்றன. மூட்டையை நாலு விரல் மேலே தூக்கிக் கட்டினால் போதும்.

சோதிப்பதற்கு மெக்கானிக் கூட வேண்டாம். இருட்டிய பிறகு வண்டியின் பின்பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்தி, பிரேக்கை மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் போதும். சுவர் சிவக்கிறதா? சிவந்தால் பின்னால் வருபவரும் பத்திரமாக வீடு போய்ச் சேருவார்.